நான் திருத்திக் கொடுத்த விண்ணப்பம்

பிள்ளைகளின் எழுத்துத் திறனை வளர்ப்பது எப்படி என்று, புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். கேட்டவர்களுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியாது போலிருக்கிறது. முப்பத்துநாலு வருஷம் பம்பாயில் தமிழ் டீச்சராக இருந்தேன். எத்தனை பிள்ளைகளின் எழுத்து என்னால் வளர்ந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் எழுத்து என்னால் நின்றுபோனது என்பதை யோசிக்காமலே சொல்லிவிடுவேன். அதனால் தெரிந்ததையே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். தாராவியில் ஒரு முனிசிபல் தமிழ்ப் பள்ளி. எனக்கு இருபத்துமூன்று வயது. வீடு மாட்டுங்காவில். அங்கிருந்து பள்ளிக்கு நடந்தே போகலாம், நான் பஸ்ஸில் போவேன். புடவைக் கரையில் சேறு படக் கூடாது என்பது ஒரு காரணம். அந்தச் சந்துகளில் யாரும் என்னை நிறுத்திப் பேசிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோருக்கும் கோட்டைப் பக்கம் ஆபீஸ் உத்தியோகம். எங்கள் வீட்டில் பேசியது ஒரு தமிழ். என் வகுப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பேசியது திருநெல்வேலித் தமிழ், அதில் பாதி பம்பாய் இந்தி. இந்த இரண்டுமே எழுத லாயக்கில்லாதவை என்று நான் முடிவு செய்து, மூன்றாவதாக ஒரு தமிழைச் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் மட்டும் இருக்கிற தமிழ் அது. அதைப் பேசி யாரும் காய்கறி வாங்கியதில்லை.

கட்டுரை வகுப்பு என்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இன்றைக்கும் அது பெரிதாக மாறவில்லை. நான் பலகையில் பதினைந்து வரி எழுதுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். நான் ஒவ்வொரு நோட்டிலும் சிவப்பு மையில் ஒரு டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போடுவேன். இன்ஸ்பெக்டர் வந்தால் அவர் கட்டுரையைப் படிக்க மாட்டார், கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். எனவே கையெழுத்தில் மட்டும் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

நான்காம் வகுப்பில் சந்தனமாரி என்று ஒரு பெண். ஒல்லியாக, நெற்றியில் பெரிய தழும்போடு இருப்பாள். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. 'மழை' என்று ஒரு கட்டுரை. வயல்கள் பசுமை பெறும், உழவர் உள்ளம் மகிழும், மயில்கள் தோகை விரிக்கும் என்றெல்லாம் பலகையில் எழுதிப்போட்டேன். எல்லா நோட்டிலும் மயில்கள் தோகை விரித்தன. சந்தனமாரியின் நோட்டில் மயிலுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. 'எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அடுப்பைக் கட்டில் மேல் வைப்போம். அம்மா சோறு பொங்கும்போது அப்பா குடை பிடிப்பார்.'

நான் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதினேன். அடுத்த கட்டுரை தீபாவளி. அதிலும் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதையும் அடித்தேன். அந்த வருஷம் முழுக்க அவள் ஒரு வரி சேர்ப்பதும் நான் அடிப்பதுமாகப் போயிற்று. ஐந்தாம் வகுப்பு வந்தபோது அவள் நோட்டு சுத்தமாக இருந்தது. பலகையில் இருந்தது மட்டுமே நோட்டில் இருந்தது. பெண் திருந்திவிட்டாள் என்று நான் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டேன்.

இந்தக் காலத்தில்தான் எங்கள் ஹெட்மாஸ்டர் ஒரு விதி கொண்டுவந்தார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நேர்மையான மனிதர், எதையும் எழுத்தில் கொடுக்காவிட்டால் அவர் காதில் ஏறாது. ஒரு நாளுக்கு மேல் பிள்ளை வராவிட்டால் பெற்றோர் லீவு லெட்டர் தர வேண்டும் என்று அறிவித்தார். அந்தப் பெற்றோரில் பெரும்பாலோர் கைநாட்டு என்பது அவருக்கும் தெரியும். விதி என்றால் விதி.

முதலில் இரண்டு மாதம் லெட்டரே வரவில்லை. பிறகு வர ஆரம்பித்தது. வந்தவை சாதாரண லெட்டர்கள் இல்லை. 'டீச்சர், என் மகன் வயிற்றுவலி என்று எழுதச் சொல்லுகிறான். வயிற்றுவலி இல்லை. சட்டை ஒன்றுதான் இருக்கிறது, துவைத்தது காயவில்லை. காய்ந்ததும் அனுப்புகிறேன். நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.' இது ஒன்று. 'என் மகள் மூன்று நாள் வரவில்லை. ஊரிலிருந்து அவள் அத்தை வந்திருக்கிறாள். விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை. அனுப்ப எனக்கும் மனசில்லை.' இது இன்னொன்று. எல்லாவற்றிலும் அடியில் ஒரு கைநாட்டு. எல்லாம் ஒரே கையெழுத்து.

ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும் நேரத்தில் நான் அவற்றை உரக்கப் படிப்பேன். எல்லோரும் சிரிப்போம். வாரத்துக்கு மூன்று நாலாவது வரும். வராத நாளில் எங்களுக்கே ஒரு மாதிரியாக இருக்கும். என் இருபது வருஷப் படிப்பில் அவ்வளவு உயிரோடு இருந்த எழுத்தை நான் படித்ததில்லை. ஆனால் அதை எழுத்து என்று நான் நினைக்கவே இல்லை. அவை லீவு லெட்டர்கள். எழுத்து என்பது கட்டுரை நோட்டில் இருப்பது.

அந்தக் கை யாருடையது என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். எல்லாத் தலையும் சந்தனமாரி பக்கம் திரும்பியது. அடி விழப்போகிறது என்று எழுந்து நின்றாள். இதையெல்லாம் நீயாகக் கற்பனை செய்து எழுதினாயா என்று கேட்டேன்.

"நான் எங்க டீச்சர்? அவிய சொன்னத எழுதுதேன். குழாயடில வந்து சொல்லுவாவ. எழுதிட்டு திரும்ப வாசிச்சுக் காட்டுவேன். சரின்னு சொன்னாத்தான் கைநாட்டு."

அவளை அடிக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன், அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்தப் பெண்ணிடம் திறமை இருக்கிறது, செதுக்கினால் எங்கேயோ போய்விடுவாள் என்று தோன்றியது. கையில் உளி இருக்கிறவள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவள் ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம் மாட்டுங்காவில் தமிழ்ப் பள்ளிகளுக்கு இடையே கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'கல்வியின் சிறப்பு'. கட்டுரையை நான் எழுதினேன். சந்தனமாரி மூன்று வாரம் அதை மனப்பாடம் செய்தாள். கீழ்த்திசையில் கதிரவன் பொற்கதிர் விரிப்பதில் தொடங்கி, தாமரை மலர்வது, புள்ளினம் பாடுவது, அறியாமை இருள் ஓடி ஒளிவது என்று நாலு பக்கம் போகும். அவள் ஒரு சொல் பிசகாமல் எழுதினாள். முதல் பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. விழாத் தலைவர் கட்டுரையை மேடையில் படித்துக் காட்டி, தாராவியில் இப்படி ஒரு தமிழா என்று வியந்தார். என் எழுத்தை மேடையில் ஒருவர் படிப்பதை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். மிகவும் நன்றாக இருந்தது.

போட்டி முடிந்தது, கட்டுரை முடியவில்லை. அடுத்த வாரம் வந்த லீவு லெட்டரைப் பிரித்தால் அதில் கதிரவன் உதித்தான். ஒரு பையனுக்குக் காது குத்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் புள்ளினங்கள் இசை பாடின. ஸ்டாஃப் ரூமில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பெருமைப்பட்டேன். பத்து நாள் கழித்து என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். கையில் முறுக்கு மாவு காய்ந்திருந்தது, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"இந்தப் பிள்ள முன்ன மாரி எழுத மாட்டேங்கு டீச்சர். நான் ரெண்டு வார்த்த சொன்னா ரெண்டு பக்கம் எழுதுது. வாசிச்சுக் காட்டுச்சுன்னா, நான் சொன்னது அதுல எங்க கெடக்குன்னே தெரியல."

அதுதான் இலக்கிய நடை, போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். பல வருஷம் பல வகுப்புகளில் பலரை மதிப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மாள் சொன்னதைவிடச் சரியான மதிப்புரை ஒன்றை நான் எழுதியதில்லை.

செம்பூரில் அடுத்த போட்டி வரவிருந்தது. அதற்காகச் சந்தனமாரி வாரா வாரம் புதன்கிழமை எனக்கு ஒரு பயிற்சிக் கட்டுரை தர வேண்டும், நான் திருத்தித் தருவேன், அவள் அதைச் சுத்தமாக மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. சில வாரம் விளக்கக் கட்டுரை, சில வாரம் கடிதம். அவளும் தவறாமல் தந்தாள். அந்தத் தாள்களில் தாமரை இல்லாத பக்கமே கிடையாது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் இரண்டு வேளை. காலை வகுப்பு ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும். அதன்பின் மாலை வரை மதிய வகுப்பு. சந்தனமாரி மதிய வகுப்பு. தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இரண்டு நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாள் புதன்கிழமை. பக்கத்து வீட்டு வசந்தா, அவளும் என் வகுப்புத்தான், மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து சந்தனமாரி கொடுத்தாள் என்று நீட்டினாள். அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். என் மேஜையில் திருத்தாத நோட்டுகள் மலையாக இருந்தன. வராவிட்டாலும் பயிற்சியை அனுப்பியிருக்கிறாளே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தாளைப் பிரித்தேன். கதிரவன் இருந்தான். தாமரை இருந்தது. ஓரிடத்தில் கிளையிலிருந்து மலர் உதிர்வதாக எழுதியிருந்தாள். மலர் உதிர்வது காம்பிலிருந்துதானே? 'கிளை'யை அடித்து 'காம்பு' என்று எழுதினேன். அடியில் ஒரு நீலக் கறை இருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'தூய்மை தேவை' என்று எழுதினேன். டிக் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். வசந்தாவிடம் கொடுத்து, சுத்தமாக எழுதி அனுப்பச் சொல் என்றேன். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

அது கட்டுரை இல்லை. அவள் அப்பா பள்ளிக்கு அனுப்பிய விண்ணப்பம். அந்த நீலக் கறை அவருடைய பெருவிரல். வருஷக்கணக்கில் நான் கைநாட்டைப் பார்த்துப் பழகியவள்தான். லீவு லெட்டரில் இருந்தால் அது கைநாட்டு, கட்டுரையில் இருந்தால் கறை. என் மூளை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது.

இது எனக்குத் தெரியவரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மறுபடி எழுதிய பிரதி இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன். கடைசியில் பொறுமை போய் வசந்தாவைக் கூப்பிட்டு, எங்கே அது என்று அதட்டினேன். அவள் முழித்தாள். சந்தனமாரி இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டாள், நீங்கள்தானே டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள் என்றாள்.

பள்ளி விட்டதும் வசந்தாவோடு நடந்தேன். அந்தச் சந்துகளுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை, வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒற்றை அறை வீடு, அங்கே கோலி என்பார்கள். சந்தனமாரி இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தீயைக் குறைத்துவிட்டு நின்றாள். அவள் அப்பா அப்போதுதான் ஷெட்டிலிருந்து வந்திருந்தார். தகரப் பெட்டியைத் துண்டால் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். டீச்சரம்மா வீடு தேடி வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் ஏன் வந்தேன் என்று அவருக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு டீச்சருக்கு இங்கே என்ன வேலை?

காலண்டருக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். பத்திரமாக வைத்திருந்தார். நான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

'அறிவொளி ஏற்றும் ஆசிரியை அவர்களுக்கு, கீழ்த்திசையில் கதிரவன் பொற்கதிர் விரிக்கும் வேளையில் புள்ளினங்கள் பாடும் இசை போல இம்மடல் தங்களுக்கு இன்பம் தருக. நண்பகல் முதல் மாலை வரை என் இல்லாள் பணிக்குச் செல்ல, எம் இல்லத்து மழலை தாயைப் பிரிந்து தவிக்கின்றது. என் மகளே அன்னையாகி அதனைக் காக்கின்றாள். ஆகவே காலைக் கதிரவனை நாடும் தாமரை போல என் மகள் காலை வகுப்பை நாடுகின்றாள். அஃது இயலாதெனில், கிளையிலிருந்து உதிரும் மலர் போல அவள் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து உதிர்க.'

விஷயம் இவ்வளவுதான். அம்மாவுக்கு முறுக்குப் போடும் இடத்தில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை வேலை கிடைத்திருந்தது. கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பெண்ணைக் காலை வகுப்புக்கு மாற்றிக் கொடுத்தால் அவள் படிப்பாள். முடியாது என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். மாற்றிக் கொடுப்பது ஒரு நிமிஷ வேலை. தினமும் நாலு பேருக்குச் செய்கிற வேலை.

நான் அந்தக் கேள்விக்குப் பதிலாக, உதிரும் மலரின் உவமையைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன்.

அப்பா எனக்கு விளக்கம் சொன்னார். பரிசு வாங்கின மாதிரியே எழுது, டீச்சருக்குப் போகிற கடுதாசி என்று அவர்தான் மகளிடம் சொன்னாராம். அவள் வாசித்துக் காட்டியபோது ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேட்க ஜோராக இருந்ததாம். காலைப் பள்ளிக்கூடம் என்று அதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகே விரலை வைத்தாராம். திரும்பி வந்தபோது தன் கைநாட்டைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் இருந்தது. சரிபார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் டிக் இருந்தது. அடியில் டீச்சரின் கையெழுத்து இருந்தது. காலை வகுப்பா என்று மகளிடம் கேட்டார். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றாள். அப்படியென்றால் பெயரை எடுக்கத்தான் சம்மதம் என்று அவர் புரிந்துகொண்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். வாசலில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டுங்கா டீச்சர். என் வாய் தானாகத் திறந்தது. ஆபீஸில் ஏதோ குழப்பம், தாள் மாறிப் போயிருக்கிறது, நான் விசாரிக்கிறேன் என்றேன். சரளமாக வந்தது. ஒத்திகை பார்க்காமல் அவ்வளவு நல்ல பொய்யை நான் சொன்னதில்லை. அப்பாவும் தலையாட்டினார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

சந்தனமாரி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். 'காம்பு' என்று எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு நாளாக அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர் முழுசாகப் படித்திருக்கிறார், என் பெயரை எடுக்கச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் மலர் விழுவது எங்கேயிருந்து என்பதைத்தான் திருத்தத் தோன்றியிருக்கிறது. அவள் அப்படித்தான் நினைத்திருக்க முடியும். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதை எழுதும்போது கூசுகிறது.

தாள் மாறவில்லை, நான்தான் இதைப் படிக்கவில்லை என்று சொன்னேன். அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, சிவப்பு மையைத் தடவிப் பார்த்தார்.

"படிக்காமயா டீச்சர் திருத்துனிய?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஷெட்டில் தோலைத் தொட்டுப் பார்க்காமல் அவர் ஒரு வேலையும் செய்ய முடியாது. படிப்பு வேலையில் மட்டும் எப்படி முடிகிறது என்று அவருக்கு ஆச்சரியம். நீங்கள் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். பதினைந்து நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். போய்விட்டால் ஏழாம் வகுப்பு முடிவுத் தேர்வு எழுத முடியாது, அது இல்லாமல் ஹைஸ்கூலில் சேர முடியாது. அன்று பதினைந்தாம் நாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாற்றிக்கொள்ளலாம், விண்ணப்பம் எங்கே என்றார். அந்தத் தாளை நீட்டினேன். சிவப்பு மை போட்ட விண்ணப்பத்தை எப்படி ஃபைலில் வைப்பது, வேறு வாங்கி வாருங்கள், மதிய வகுப்பில் வருகைப் பதிவு எடுக்குமுன், பன்னிரண்டரைக்குள் வேண்டும் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதில் சிவப்பு மை போட்டது அவர் இல்லை.

புது விண்ணப்பத்தை நானே எழுதினேன். உட்கார்ந்து எழுதினால் கை கீழ்த்திசைக்குத்தான் போகிறது. இரண்டு தாள் கிழித்தேன். மூன்றாவதில் இப்படி வந்தது: 'என் மகளைக் காலை வகுப்புக்கு மாற்றித் தர வேண்டும். மதியம் வீட்டில் கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை.' அதை எடுத்துக்கொண்டு தோல் ஷெட்டுக்குப் போனேன். அங்கே அடிக்கிற வாடையில் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"இவ்வளவுதானா? இதத்தான டீச்சர் நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார். பிறகு விரலை வைத்தார்.

ஹெட்மாஸ்டர் ஃபைலில் வைத்தபோது பன்னிரண்டு மணி. திங்கட்கிழமையிலிருந்து சந்தனமாரி காலை வகுப்பில் உட்கார்ந்தாள். தமிழுக்கு ஆள் குறைவு என்பதால் அந்த வகுப்பின் கடைசி இரண்டு பீரியடையும் நான்தான் எடுத்தேன்.

நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டே படிக்க வேண்டாம், முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் தேர்வு எழுதினாள், தேறினாள், மாட்டுங்காவில் ஹைஸ்கூலில் சேர்ந்தாள். பின்னால் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக நல்ல வேலையில் இருந்தாள். படிப்பு நின்றுவிடவில்லை. நின்றது வேறு.

காலை வகுப்பில் அவள் பலகையில் இருப்பதை எழுதினாள். கேட்ட கேள்விக்கு விடை எழுதினாள். எதிலும் குறை சொல்ல முடியாது. செம்பூர்ப் போட்டிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் திருந்தியவளாக வந்து, இனி பலகையைப் பார்க்க வேண்டாம், உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள் என்று ஒருநாள் அறிவித்தேன். மற்றப் பிள்ளைகள் பேய் முழி முழித்தார்கள். சந்தனமாரி மூன்று வரி எழுதி நோட்டை மூடிவிட்டாள். அந்த மூன்று வரியில் தப்பும் இல்லை, அவளும் இல்லை.

குழாயடியிலும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். லீவு லெட்டர் கேட்டு வந்தவர்களிடம், நீங்களே போய் டீச்சரிடம் வாயால் சொல்லுங்கள் என்றாளாம். அவர்கள் சொல்ல வந்தார்கள். நான் வருவதற்கு முன்பே வராந்தாவில் அம்மாக்கள் கூட்டம். ஹெட்மாஸ்டருக்குத் தலைவேதனை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், நாலு வருஷம் நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. சட்டை காயாத கதை, அத்தை வந்த கதை எல்லாவற்றையும் நின்று கேட்டேன். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்று அடுத்து வந்த மூன்று மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவள் எழுதாமல் விட்டதால் தெரிந்தது.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. லீவு லெட்டர் எங்கே என்று கேட்டேன். எழுதவில்லை என்றாள். எனக்கு ஒரு ஆசை வந்தது. மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன், என் பேனாவையும் கொடுத்தேன். நீலப் பேனா. அப்பா சார்பில் நீயே எழுது, முன்பு குழாயடியில் எழுதுவாயே அதுபோல எழுது, நான் ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன் என்றேன். கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. மரியாதையாகத்தான் நின்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"எழுதிக் குடுத்தா திருத்துவிய டீச்சர். சொன்னா கேப்பியள்லா."

சொல் என்றேன். தம்பிக்குக் காய்ச்சல், சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அம்மா வேலைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது, இரண்டு நாளும் அவள்தான் கூட இருந்தாள், இப்போது பரவாயில்லை, இன்று காலையில் கஞ்சி குடித்தான் என்று சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு, போய் உட்கார் என்றேன்.